பொம்மியின் காவலாட்கள்

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்க அறையில் பொம்மி என்ற முயலும் மிளகு என்ற சுண்டெலியும் அடுத்தடுத்த கூண்டுகளில் இருந்தன.

அங்கே ஆக்னஸ் டாக்டர் ஒரு புரதம் சதையில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். தாய் வயிற்றில் குழந்தைக்கு உதடு கூடிவரும்போது வேலை செய்யும் புரதம் அது. சில குழந்தைகள் ஏன் உதடு பிளந்து பிறக்கின்றன என்று அவர் கண்டுபிடித்தாக வேண்டும்.

அந்தப் புரதத்தில் ஒரு துளியை இருவருக்கும் ஊசியில் ஏற்றினார். புது ஆள் நுழைந்ததும் இருவர் இரத்தத்திலும் காவலாட்கள் கிளம்பினார்கள். படித்தவர்கள் அவர்களை எதிர்ப்பொருள் என்பார்கள்.

மிளகிடமிருந்து டாக்டர் ஒரே ஒரு வகைக் காவலாளைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கினார். அவன் புரதத்தின் மூக்கை மட்டுமே பிடிப்பான். பொம்மியின் இரத்தத்திலோ பல வகை. ஒருவன் மூக்கைப் பிடிப்பான், ஒருவன் இடுப்பை, ஒருவன் முதுகை, ஒருவன் காலை.

"அக்கா, உன்னுடையது சந்தைக் கூட்டம். என் ஆள் ஒருவன்தான், ஆனால் குறி தப்பாது!" என்றது மிளகு.

பொம்மி முட்டைக்கோஸைக் கடித்தது. ஆனால் அன்று அதற்கு ருசிக்கவில்லை.

முதல் சோதனை புதிதாக எடுத்த ஒரு சதைச் சீவலில் நடந்தது. டாக்டர் விடும் சாயத்தில், காவலாட்கள் பிடித்த இடம் பழுப்பாகத் தெரியும். மிளகின் ஆள் சரியான இடத்தில் மட்டும் நின்றான். பொம்மியின் ஆட்களோ கண்ட இடமெல்லாம் பழுப்பாக்கிவிட்டார்கள்.

"என்ன இது, ஒரே கறையாக இருக்கிறதே" என்று டாக்டர் முகம் சுளித்தார்.

மிளகு விழுந்து விழுந்து சிரித்தது. பொம்மிக்குக் காது இரண்டும் தொங்கிப்போயின. சாயம் சரியில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூட அது யோசித்தது. பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வாயைத் திறந்தது.

"டாக்டரம்மா, தப்பு என் ஆட்கள்மேல்தான். அந்தப் புரதத்துக்கு ஒரு பங்காளிப் புரதம் உண்டு. இரண்டுக்கும் கால் ஒரே மாதிரி. காலைப் பிடிக்கிறவர்கள் ஆள் தெரியாமல் அதையும் பிடித்துவிட்டார்கள்."

"அதற்கு நான் என்ன செய்வது?"

"முதலில் அந்தப் பங்காளியை அவர்கள் முன்னால் நிறுத்துங்கள். ஏமாறுகிறவர்கள் ஓடிப்போய் அதோடு ஒட்டிக்கொள்வார்கள். அவர்களை விட்டுவிட்டு, ஒட்டாதவர்களை மட்டும் வேலைக்கு அனுப்புங்கள்."

"பாதிப் பேரைத் துரத்தச் சொல்கிறாயே, அக்கா!" என்றது மிளகு.

"போகட்டும். மீதிப் பேர் போதும்" என்றது பொம்மி.

டாக்டர் அப்படியே செய்தார்.

அடுத்துதான் பெரிய சோதனை. பல வருஷமாக மருந்துத் தண்ணீரில் ஊறி, மெழுகில் கிடந்த, உதடு கூடும் இடத்துச் சதைத் துணுக்கு. அதில் இரண்டே சீவல்கள் மிச்சம். இவை வீணானால் வேறு கிடையாது.

முதல் சீவலில் மிளகின் ஆள் இறங்கினான். மருந்தில் ஊறிப் புரதத்தின் மூக்கு மடங்கிப்போயிருந்தது. அவன் அதன் பக்கத்திலேயே போய்விட்டு, அடையாளம் தெரியாமல் திரும்பினான். சீவல் வெள்ளையாகவே இருந்தது.

"அந்தப் புரதம் இதில் இல்லவே இல்லை" என்றது மிளகு.

டாக்டர் கடைசிச் சீவலில் பொம்மியின் ஆட்களை விட்டார். மூக்கைத் தேடியவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் இடுப்பைத் தெரிந்தவர்கள் இடுப்பைப் பிடித்தார்கள், முதுகைத் தெரிந்தவர்கள் முதுகைப் பிடித்தார்கள். உதடு கூடும் விளிம்பில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று எழுந்தது. வேறெங்கும் கறை இல்லை.

டாக்டர் பொம்மியின் கூண்டைத் திறந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"மூக்கு இல்லாமல் எப்படி அக்கா கண்டுபிடித்தார்கள்?" என்று மிளகு மெதுவாகக் கேட்டது.

"அந்தப் புரதத்துக்கு மூக்கு மட்டுமா இருக்கிறது?" என்றது பொம்மி.

ஒன்றைப் பல பக்கமும் அறிந்து, தன் பக்கத்துப் பிழையைத் தானே களைந்துகொள்பவனுக்கே உண்மை உருமாறி வந்தாலும் அடையாளம் தெரியும்.