மனைவி சொன்னபடி

பெரியாஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, மூன்று அடுப்பு, இரண்டு அண்டா, ஒரு சாமியார். அவ்வளவுதான். நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு. கூட இருப்பவர்களுக்குக் கிடையாது. அவர்களுக்குக் காலையில் இங்கே கஞ்சி ஊற்றினார்கள். அதனால் சாமியாருக்குக் கஞ்சிச்சாமி என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

சாமிக்கு வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கங்காதரனுக்கு அறுபது முடிந்திருந்தது. குருவுக்குத் தலை இன்னும் நரைக்கவில்லை. சீடருக்கு நரைப்பதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து எதிரே நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

கங்காதரன் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்து, கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்வது அவர் வேலை. அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு நோயாளியைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

வந்த முதல் நாளே கேட்டார்.

"சாமி, நான் ஒரு காசு கை நீட்டி வாங்கினதில்ல. ரிட்டயர் ஆகிற அன்னைக்கு என் மேஜையில ஒரு ஃபைல்கூட பாக்கி இல்ல. அதைச் சொல்லித்தான் மாலை போட்டாங்க. ஆனா வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. ஏன் சாமி?"

சாமி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கிலீஷ் படிப்பீங்களா ஐயா?"

"என் தொழிலே அதானே சாமி."

"அப்ப கஞ்சி ஊத்துங்க. யாராவது காகிதம் நீட்டினா படிச்சுச் சொல்லுங்க."

கேட்டதற்கு இது எப்படிப் பதிலாகும் என்று கங்காதரனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

கஞ்சிக்கு வருபவர்கள் ஒரு கையில் தூக்குவாளி வைத்திருப்பார்கள். இன்னொரு கையில் காகிதம் இருக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எங்கிருந்தோ எங்கேயோ போகச் சொல்லும் சீட்டு. எல்லாம் இங்கிலீஷில். கங்காதரன் வரிசை முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வார். அவர்கள் அவரைப் பெரியவரே என்று கூப்பிட்டார்கள். பேர் கேட்கவில்லை.

ஒருநாள் ஒரு கிழவர் மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். கங்காதரன் படித்தார். கடைசியில் ஒரு வரி மோசமாக இருந்தது. அதை விட்டுவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல, டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார்.

சாமி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"கடைசி வரியை விட்டுட்டீங்க போலிருக்கே."

"பாவம், வயசானவரு சாமி."

"அவரு காகிதம் ஐயா அது. அதுல ஒரு வரியை எடுத்து ஒளிச்சு வைக்க நம்மள யாரு கேட்டா? படிச்சா முழுசாப் படிங்க. இல்லேன்னா தெரியாதுன்னு சொல்லிருங்க."

கங்காதரன் கிழவரின் பின்னால் ஓடினார். அதற்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் ஒரு வரி விட்டதில்லை. நான்கு மாதம் அப்படிப் போனது.

தவமணி என்ற பெண் கஞ்சிக்கு வர ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். நாற்பது வயது. புருஷன் பொன்னையா, நெல் குடோனில் மூட்டை தூக்குகிறவர். இருதய வார்டில் கிடந்தார். அவள் வரிசையில் பேசமாட்டாள். தூக்கை நீட்டுவாள், வாங்குவாள், போவாள். அன்றைக்கு மட்டும் எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"பெரியவரே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

"என்னம்மா இது?"

"இன்சூரன்ஸ்காரங்க அனுப்புனது. அஞ்சு மாசம் ஆச்சு. இவருக்கு நெஞ்சு வலின்னு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆபரேஷன் பண்ணணும்னாங்க. பாலிசி இருக்குன்னு தைரியமா இருந்தோம். கம்பெனில இல்லைன்னுட்டாங்க. ஏஜெண்டு தம்பி, மேல எழுதிப் போட்டிருக்கேன்க்கா, வந்துரும், இருங்கன்னாரு. இருந்தோம். வரல. இங்க கொண்டாந்தா, முன்னாடியே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம், இனி உடம்பு தாங்காதுங்கிறாங்க."

"சரிம்மா."

"பணம் வரும்னு கேக்கல. ஏன் இல்லைன்னாங்கன்னு தெரிஞ்சாப் போதும். இவரு ஓயாம அதைத்தான் கேக்குறாரு. மூணு வருஷமும் ஆட்டை வித்துக் கட்டுனோமே, நம்ம மேல என்ன குத்தம்னு."

கங்காதரன் கடிதத்தைப் பிரித்தார். தலைப்பில் அவருடைய கம்பெனியின் பெயர். அதன் கீழே பொன்னையாவின் பெயரும் ஊர் விலாசமும். தேதியைப் பார்த்தார். அவர் ரிட்டயர் ஆன மாதம். மேஜை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ஃபைல் முடித்த மாதம். கண் தானாகவே அடிக்குப் போனது. எம். கங்காதரன் என்று நீல மையில் கையெழுத்து. பெயரின் கடைசி எழுத்தை இழுத்து அடிக்கோடு போடுவது அவர் வழக்கம். அந்தக் கோடும் இருந்தது.

கடிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தார்.

"எழுத்து தெரியலையா?" என்றாள் தவமணி.

"தெரியுதும்மா."

படித்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். "ஆஸ்பத்திரியில சேர்க்கும்போது மனைவி சொன்னபடி, நோயாளிக்குப் பத்து வருஷமா சர்க்கரை நோய் இருந்திருக்கு. பாலிசி எடுத்து மூணு வருஷம்தான் ஆகுது. நோயை மறைச்சுப் பாலிசி எடுத்திருக்கிறதால இந்தச் செலவைக் கொடுக்க முடியாது."

தவமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு சொன்னபடி?"

"மனைவி."

"நானா?"

"அப்படித்தான்மா போட்டிருக்கு."

"பத்து வருஷம்னா?"

"ஆமாம்மா."

"இவருக்கு சுகர் வந்து ரெண்டு வருஷம்தானே ஆச்சு." அவள் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அங்க கூட்டம். நர்சு எத்தனை நாளா சுகர்னு கேட்டுச்சு. கொஞ்ச நாளாத்தான்னு சொன்னா, உக்காருங்க பாக்கலாம்னு பெஞ்சுல போட்டுருவாங்க. போன தடவை எங்க அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு. பெருசாச் சொன்னா ஓடி வந்து பாப்பாங்கன்னு, பத்து வருஷம்னேன். உடனே உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

கங்காதரன் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற யாரும் எதும் சொல்லலையா? நான் சொன்னது மட்டும்தானா?"

"அது மட்டும்தான்மா."

அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியபடியே எழுந்தாள். பொத்தியபடியே சாலையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் போனாள். கஞ்சித் தூக்கும் கடிதமும் பெஞ்சிலேயே இருந்தன.

சாமி கை கழுவிக்கொண்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு கஞ்சி எடுத்துட்டுப் போகலியே."

"ஒரு கடிதம் படிச்சேன் சாமி. அதான்."

"முழுசாப் படிச்சீங்களா?"

"ஒரு வரி விடல சாமி. நீங்க சொன்ன மாதிரியே."

"கீழ ஒரு கையெழுத்து இருந்துச்சே. அதைப் படிச்சீங்களா?"

கங்காதரன் தலையைத் தூக்கவில்லை. சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கடிதத்தைப் பிரித்தபோது கங்காதரனின் முகம் மாறியதை அவர் பார்த்திருந்தார்.

"என்னோடதுதான் சாமி," என்றார் கங்காதரன். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். "மனைவி சொன்னா மட்டும் போதாது. ஊர் டாக்டர்கிட்ட பழைய சீட்டு இருக்கான்னு ஆள் அனுப்பி விசாரிக்கணும். விதியே அதுதான். நான் அனுப்பல. அனுப்பினா ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன். ஃபைல் பாக்கின்னு நிக்கும். அவங்க சொன்ன ஒரு வார்த்தை போதும்னு முடிச்சுட்டேன்."

"இப்ப ஏதும் செய்ய முடியுமா?"

"விசாரிக்காமத்தான் மறுத்தேன்னு நான் என் கையால எழுதிக் குடுத்தா, கம்பெனி மறுபடி எடுத்துப் பாக்கத்தான் வேணும். எனக்குக் கெட்ட பேரு வரும். பேரு மட்டுமில்ல, வேற தொந்தரவும் வரும்."

சாமி பெஞ்சிலிருந்த தூக்கை எடுத்தார். ஆறிப்போன கஞ்சியைக் கொட்டிவிட்டுச் சூடாக ஊற்றி மூடினார். கங்காதரன் கையில் கொடுத்தார்.

"வார்டுக்குக் கொண்டுபோய்க் குடுங்க. படிக்காம விட்டதையும் படிச்சுட்டு வாங்க."

கங்காதரன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

இருதய வார்டுக்குள் அவர் நுழைவது அதுதான் முதல் தடவை. கட்டிலெல்லாம் நிறைந்து, கட்டிலுக்கு நடுவே தரையிலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். ஜன்னலோரம் பொன்னையா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒருகாலத்தில் பெரிய தோள்களாக இருந்திருக்க வேண்டும். இப்போது எலும்புதான் அகலமாகத் தெரிந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். காலடியில் தவமணி. அவள் சொல்லிக்கொண்டிருந்தது வாசல்வரை கேட்டது.

"நம்ம மேல என்ன குத்தம்னு கேட்டியே. உன் மேல ஒண்ணுமில்ல. என் வாய்தான். நான்தான் உன்னைக் கொன்னுட்டேன்."

பொன்னையா ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். "கிறுக்கு மாதிரி பேசாத. அன்னைக்கு நீ பெருசாச் சொல்லலேன்னா வாசல்லயே போயிருப்பேன். அஞ்சு மாசம் உன்கூட இருந்திருக்கேன்ல."

அவள் கேட்கிற நிலையில் இல்லை. தலையைக் கட்டிலின் கம்பியில் வைத்து அழுதாள்.

கங்காதரன் தூக்கோடு நின்றார். முதலில் தவமணிதான் பார்த்தாள். சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்குப் பெரியவரே இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீங்க?" தூக்கை வாங்கிக்கொண்டு புருஷனிடம் சொன்னாள். "இவருதான் காகிதத்தைப் படிச்சுச் சொன்னவரு."

பொன்னையா குழாய் விலகாமல் மெதுவாக நிமிர்ந்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கங்காதரனைக் கும்பிட்டார்.

"யாரும் சொல்லல ஐயா. அஞ்சு மாசமா யாரும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

கங்காதரனும் கும்பிட்டார். திரும்பி நடந்தார். மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"படிச்சுட்டீங்களா?" என்றார் சாமி.

"அந்த மனுஷன் என்னைக் கும்பிட்டாரு சாமி. அப்ப எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்றேன். கண்டிப்பா நாளைக்குச் சொல்லிர்றேன்."

சாமி விறகை அடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் கஞ்சி கொதிக்கும் முன்பே கங்காதரன் குளித்துத் தயாராக இருந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு கடிதத்தைக் காட்ட வேண்டும். உங்க வார்த்தையில தப்பில்லம்மா, அதை விசாரிக்காம எழுதினது நான்தான் என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். விரிப்பு மாற்றியிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். "விடியக்காலையில முடிஞ்சுருச்சுங்க. ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க. அந்தம்மா அழவேயில்ல. வாயைப் பொத்திக்கிட்டே வண்டில ஏறுச்சு."

கங்காதரன் திரும்பி வந்தபோது வரிசை சாலைவரை நின்றிருந்தது. சாமி தனியாக ஊற்றிக்கொண்டிருந்தார். கங்காதரன் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"அவரு போயிட்டாரு சாமி."

சாமியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த தூக்கில் ஊற்றியது.

"அந்தம்மா அந்த வார்த்தையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. தான்தான் கொன்னோம்னு நெனச்சுக்கிட்டே இருப்பாங்க. நேத்தே சொல்லியிருக்கணும்."

"ம்."

"இனி நான் எங்கன்னு போய்ச் சொல்றது? அவங்க ஊர்ப் பக்கம் நான் போனதே இல்ல. பஸ் எதுன்னுகூடத் தெரியாது. என்ன வழின்னே தெரியல சாமி."

சாமி கரண்டியை அண்டாவில் வைத்தார். அவர் பார்வை கங்காதரனின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கடிதத்தில் நின்றது.

"இந்தக் கடிதம் யாருகிட்டயும் வழி கேக்காமத்தானே ஐயா போய்ச் சேந்துச்சு."