அக்கரையில் மூன்று பைகள்

ஒரு பெட்டிக்குள் மூன்று பேரைப் பூட்டி வைத்தார்கள். பல வருடம் கழித்துத் திறந்தபோது ஒருத்தி கறுத்துப் போயிருந்தாள். ஒருத்தி வைத்தபடியே மின்னினாள். மூன்றாமவளும் வாடவில்லை, ஆனால் அவளைக் கேட்டு யாருமே வரவில்லை. யார் இந்த மூவர்? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

மினுக்காறு என்று ஓர் ஆறு. கோடை முழுவதும் அதன் மணலை அரித்தால் நகத்தளவு பொன் கிடைக்கும். பொன்னோடு சில வெள்ளைத் துகள்களும் வரும். அவை பொன்னைவிட அரிது, பொன்னைப் போலவே கனம். ஆனால் ஊரில் எந்த உலையிலும் உருகாது. திருடர்கள் அதைப் பொன்னில் கலந்து எடையைக் கூட்டினார்கள். அதனால் வெள்ளைத் துகளை நடு ஆற்றில் கொட்டிவிட வேண்டும் என்று ஊரில் கட்டுப்பாடு வந்தது.

இருளப்பன் மட்டும் கொட்டவில்லை. "இதையும் நான்தானே குனிஞ்சு எடுத்தேன்" என்றான். கொட்டு, இல்லையென்றால் அக்கரைக்குப் போ என்றார்கள். தாயில்லாக் கைக்குழந்தை மயிலியைத் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

மயிலிக்கு அப்பாவைத் தவிர வேறு ஆள் பழக்கமில்லை. மாதம் ஒருமுறை ஓடக்காரர் வருவார். பொன்னை வாங்கிக்கொண்டு அரிசியை இறக்குவார். கரை ஏற மாட்டார். காற்று அவள் பக்கம் வீசும்போது ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கும். மயிலி மணல் அரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது இருளப்பன் இறந்தான். அவளுக்கும் தங்களுக்குமாக மூன்று பாகம் பிரிக்க அவளுடைய இரண்டு தாய்மாமன்களும் வந்தார்கள். அந்த ஊரில் பாகம் பிரிப்பது எடையால்தான், விலையால் அல்ல. வயதில் சிறியவர் முதலில் எடுக்க வேண்டும்.

பெட்டியில் மூன்று பைகள் இருந்தன. ஒவ்வொன்றும் பத்துக் கழஞ்சு எடை. அம்மாவின் வெள்ளிக் கொலுசுகள் கறுத்துக் கிடந்த பை பெரிதாகப் புடைத்திருந்தது. பொன் துகள் பை அதில் பாதிதான். வெள்ளைத் துகள் பை அதைவிடச் சற்றுச் சிறியது.

சின்ன மாமா வெள்ளைத் துகளை விரலால் கிளறினார். "இதைச் சோத்துல பிசைஞ்சு தின்னவா சேர்த்து வச்சான்?"

பெரிய மாமா சிரிக்கவில்லை. "மயிலி, பொன்னை எடுத்துக்கோ கண்ணு. எங்க வீட்டுப் பிள்ளைங்களோட இருந்துக்கலாம். வெள்ளை எங்க பங்குக்கு வந்தா போற வழியில ஆத்துல கொட்டிருவோம். நீ அதை எடுத்தா, ஓடத்துல உனக்கு இடமில்ல."

மூன்றுக்கும் எடை ஒன்றே. அப்படியென்றால் எது விலை கூடியது? மயிலி எதை எடுப்பது சரி?

விடை இதோ. வெள்ளியை வடக்கு மலையில் கட்டி கட்டியாக வெட்டிக் கழுதைகளில் ஏற்றி வருகிறார்கள். அதோடு அது கறுத்தும் போகும். பொன் அரிது, கறுக்காது, அதைக் கேட்டு வருகிறவர்களும் நிறையப் பேர். வெள்ளைத் துகள் பொன்னைவிட அரிது, அதுவும் கறுக்காது. ஆனால் அங்கே அதைக் கேட்பார் இல்லை. அரிதாக இருந்தால் மட்டும் விலை வந்துவிடாது. வேண்டுமென்று யாராவது கேட்க வேண்டும். ஆகவே அன்றைக்கு அந்த ஊரில் பொன்தான் விலை கூடியது. பொன் என்று சொன்னவர்கள் சரியாகச் சொன்னீர்கள். மயிலிக்கும் இது தெரியும். அவள், அப்பா கொட்ட மறுத்த வெள்ளைத் துகள் பையை எடுத்துக்கொண்டாள்.