வேலாயியை மாற்றலாமா?

கீழ்க்காட்டுக் குளக்கரையில் ஒரு கால்பந்து அணி இருந்தது. மாடன் என்ற காட்டெருமை கோல் காத்தது. சிட்டாள் என்ற கீரி நடுவில் ஓடியது. பொடிச்சி என்ற சருகுமான் முன்னால் நின்று கோல் போட வேண்டும். அவள் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். மற்ற இடங்களில் முயல்கள் ஆடின. காய்ந்த பனங்காய்தான் பந்து.

அந்த அணிக்குப் பயிற்சியாளர் வேலாயி என்ற முள்ளம்பன்றி.

அணி தோற்றுக்கொண்டே இருந்தது. மான்களிடம் தோற்றது. நரிகளிடம் தோற்றது. கடைசியாக, மூன்று கால் உள்ள ஒரு கிழட்டு ஆமையை வைத்துக்கொண்டு ஆடிய ஓடைக்கரை அணியிடமும் தோற்றது!

அதற்குப் பிறகு காட்டில் ஒரே பேச்சுதான். வேலாயியை மாற்றலாமா, வேண்டாமா?

“மாற்றியே ஆக வேண்டும்!” என்றது வாலாண்டி என்ற கருமந்தி. அணியின் ஒரு ஆட்டத்தைக்கூட அது தவறவிட்டதில்லை. “அந்த அம்மா ஓரமாக நின்று உடம்பைக் குலுக்குகிறாள். அதுவா பயிற்சி? பாறைக்காட்டு உடும்பைக் கூட்டி வாருங்கள். பிடித்தால் விடாத ஆள்!”

“உடும்புக்கு என்னடா தெரியும்?” என்று சீறியது தோகையன் என்ற மயில். அதுவும் ஒரு ஆட்டத்தையும் விடாது. “அக்கா பயிற்சி கொடுக்கும்போது போய்ப் பார்த்திருக்கிறாயா? பிள்ளைகள் பறக்கிறார்கள்!”

“பயிற்சியில் பறந்து என்ன செய்ய? ஆட்டத்தில் விழுகிறார்களே!”

“அதற்கு வேலாயி அக்கா என்ன செய்வாள்?”

“பின்னே யார் செய்வார்? நானா?”

இப்படியே காடு இரண்டாகப் பிரிந்தது. குரங்குகளும் மைனாக்களும் வாலாண்டி பக்கம். மயில்களும் தவளைகளும் தோகையன் பக்கம். ஆட்டம் நடக்கும்போது ஒரு கரையிலிருந்து “மாற்று! மாற்று!” என்று கூச்சல் எழும். மறுகரையிலிருந்து “மாற்றாதே! மாற்றாதே!” என்று பதில் வரும். காது கிழிந்துவிடும்.

வேலாயி எதையோ சொல்லப் பல தடவை வாயைத் திறந்தாள். அவளுக்குச் சன்னமான குரல். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோடை வந்தது. குளத்தில் பாதி வற்றிவிட்டது. தண்ணீர் குறைந்தால் சண்டை வரும் என்று மேல்காட்டுக் கடமான்களும் கீழ்க்காட்டு விலங்குகளும் கூடிப் பேசின. கால்பந்து ஆடலாம், ஜெயிக்கிற காடு கோடை முழுவதும் காலையில் தெளிந்த தண்ணீரைக் குடிக்கலாம், தோற்கிற காடு அதன் பிறகு கலங்கிய தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று முடிவானது.

“கலங்கிய தண்ணீரா! என் குட்டிகள் என்ன செய்யும்?” என்று ஒரு முயல் அழுதது.

“பார்த்தாயா? இப்போதாவது மாற்றுவோம்!” என்றது வாலாண்டி.

“கடைசி நேரத்தில் மாற்றினால் இருப்பதும் போகும்!” என்றது தோகையன்.

பேசிப் பேசியே நாள் போனது. ஒரு முடிவும் ஏற்படவில்லை. ஆட்ட நாள் வந்துவிட்டது.

வற்றிய குளத்தின் வெடித்த மண்தான் மைதானம். கொக்கு நடுவராக நின்றது. கடமான்கள் வாட்டசாட்டமாக இறங்கின. அவற்றின் கொம்புகளைப் பார்த்ததுமே முயல்கள் மாடன் பின்னால் ஒதுங்கின.

ஆட்டம் தொடங்கியது. கூடவே கூச்சலும் தொடங்கியது.

“மாற்று! மாற்று!”

“மாற்றாதே! மாற்றாதே!”

பொடிச்சி இடப்பக்கம் ஓடினாள். சிட்டாள் பந்தை வலப்பக்கம் அடித்தாள். இரண்டு முயல்கள் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. மாடன் எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாமல் விழித்தது. அதற்குள் கடமான் தலைவன் பந்தைக் கோலுக்குள் தள்ளிவிட்டது.

“உன்னால்தான்!” என்று வாலாண்டி கத்தியது.

“உன் வாயால்தான்!” என்று தோகையன் கத்தியது.

அப்போது மூங்கில் புதர் விலகியது.

யானைகள் வந்தன. முன்னால் ஒரு முதிய பெண் யானை நடந்து வந்தது. அதன் முன்கால்களுக்கு நடுவே, அன்று காலைதான் பிறந்த ஒரு குட்டி. இன்னும் ஈரம் காயவில்லை. துதிக்கையை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. தட்டுத் தடுமாறி வந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தண்ணீரைப் பார்த்தது.

காடு முழுவதும் வாயடைத்துப் போனது. குரங்குகள் கிளையில் அப்படியே உறைந்தன. தவளைகள்கூடக் கத்தவில்லை.

மைதானத்தில் மட்டும் ஆட்டம் நிற்கவில்லை. அந்த நிசப்தத்தில் எல்லோருக்கும் ஒரு ஓசை கேட்டது.

சலக்... சலக்!

வேலாயி வால் முட்களைக் குலுக்கினாள். சிட்டாள் சட்டென்று இடப்பக்கம் திரும்பினாள்.

சலசல!

முயல்கள் வழிவிட்டன. பந்து அவற்றின் நடுவே உருண்டோடியது.

சலசலசலசல!

பொடிச்சி பாய்ந்தாள். கடமானின் வயிற்றுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தாள். ஒரே உதை. கோல்!

ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு இரண்டு கரைகளும் வெடித்தன.

“பார்த்தாயா அக்காவின் திறமையை? மாற்றாதே! மாற்றாதே!”

“ஒரு கோல் போட்டால் ஆயிற்றா? மாற்று! மாற்று!”

உடனே ஆட்டம் மறுபடியும் குலைந்தது. முயல்கள் மோதிக்கொண்டன. சிட்டாள் பந்தை எதிரியிடமே கொடுத்தாள். கடமான் தலைவன் அடித்த பந்து கோல் கம்பில் பட்டுத் தெறித்தது. நூலிழையில் தப்பியது.

வாலாண்டி தலையில் அடித்துக்கொண்டு கீழே பார்த்தது. அது உட்கார்ந்திருந்த கிளைக்கு நேர் கீழேதான் வேலாயி நின்றாள். அவள் முட்கள் எல்லாம் விறைத்திருந்தன. உடம்பு மொத்தமும் குலுங்கியது. ஓசை மட்டும் வாலாண்டி காதுக்குக்கூட எட்டவில்லை.

வாலாண்டி கிளையில் துள்ளி எழுந்தது.

“ஐயோ! இத்தனை நாளும் இவள் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்!”

தன் பக்கத்துக் குரங்குகளைப் பார்த்து, “நிறுத்துங்கள்!” என்றது. நான்கைந்து வாய்களைக் கையால் பொத்தியது. அந்தக் கரை அடங்கியது. ஆனால் மறுகரை அடங்கவில்லை. வாலாண்டி கிளைக்குக் கிளை தாவி, தோகையன் முன்னால் போய்க் குதித்தது.

“வாயை மூடு தோகையா!”

“ஏன் மூட வேண்டும்? நான் அக்காவுக்காகக் கத்துகிறேன்!”

“நீ கத்துவதால்தான் அக்கா சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை! நானும்தான் கெடுத்தேன், நீயும்தான் கெடுத்தாய். நாளைக்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இப்போது மட்டும் பேசாதே. உன் காலில் விழுகிறேன்!”

சொன்னபடியே விழுந்தும்விட்டது.

தோகையன் திகைத்தது. வாலாண்டி காலில் விழுவதை அது கனவிலும் நினைத்ததில்லை. மெல்ல மைதானத்தைப் பார்த்தது. வேலாயியைப் பார்த்தது. பிறகு தன் தோகையை விரித்து, கத்திக்கொண்டிருந்த தவளைகளை மூடியது.

குளக்கரை அமைதியானது. இந்த முறை யானைகளுக்காக இல்லை.

சலக்!

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள், அதைச் சொல்ல இன்றைக்கும் வார்த்தை தேடுகிறார்கள். பந்து மாடனிடமிருந்து புறப்பட்டது. ஒரு முயல் தொட்டது, இன்னொரு முயல் தொட்டது, சிட்டாள் தொட்டாள். தொட்டவர் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. காதை மட்டும் விடைத்துக்கொண்டு ஓடினார்கள். மழைநீர் பள்ளம் பார்த்து ஓடுவது போல, பந்து இடம் பார்த்து ஓடியது. பத்து விலங்குகள் ஓடுவது போலவே இல்லை. ஒரே உயிர் பல கால்களால் ஓடுவது போல இருந்தது.

கடமான்கள் தடுக்க மறந்து நின்றன. பார்த்துக்கொண்டிருந்த அணில்களின் கையிலிருந்து கொட்டைகள் விழுந்தன. கரையேறப் போன முதிய யானை நின்று திரும்பியது.

பொடிச்சி எகிறினாள். அந்தச் சின்ன உடம்பு கடமானின் கொம்புக்கும் மேலே போனது. நெற்றியால் முட்டினாள்.

கோல்!

யாரும் கத்தவில்லை. கத்தினால் கண் முன்னால் இருப்பது கலைந்துவிடுமோ என்று பயந்தது போல எல்லோரும் இருந்தார்கள். கொக்கு ஆட்டம் முடிந்தது என்று சிறகை உயர்த்தியது. அதன் பிறகுதான் காடு அதிர்ந்தது. கடமான் தலைவனே வந்து பொடிச்சிக்குத் தலை வணங்கியது.

மாலையில் எல்லா விலங்குகளும் அத்தி மரத்தடியில் கூடின. வாலாண்டி வேலாயியிடம் தயங்கித் தயங்கி வந்தது.

“அக்கா, இதை எங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே! ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சொன்னேன். தோகையனிடமும் சொன்னேன். அவன் ‘அக்கா வாழ்க’ என்று கத்திக்கொண்டிருந்தான்.”

தோகையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

“எங்கள் மேல் கோபமில்லையா?” என்று கேட்டது வாலாண்டி.

“அணி ஜெயிக்க வேண்டும் என்றுதானே நீங்கள் இரண்டு பேருமே தொண்டை கிழியக் கத்தினீர்கள். என்னை மாற்றுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். உடும்பு வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவரும் ஏதாவது சொல்வார். அதைப் பிள்ளைகள் காதில் விழ விடுங்கள்.”

மறுநாள் காலை, சூரியன் எழும்போது, கீழ்க்காட்டு முயல்கள் தெளிந்த தண்ணீரில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தன.

ஒருவரைத் தூற்றுவதானாலும் போற்றுவதானாலும், அவர் சொல்வது கேட்கும் அளவுக்கு முதலில் நாம் அமைதியாக இருக்க வேண்டும்.