தேனீக்கு வழிவிட்ட மாசாணன்

மேகங்கள் மலையை விட்டு இறங்காத காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அந்த மலையில் மாசாணன் என்றொருவன் ஏலச்செடி வளர்த்தான். வருஷத்துக்கு ஒருமுறை அரிசியும் உப்பும் ஏற்றிய பொதிமாடுகளோடு வணிகர் ஒருவர் வருவார். அவருக்கு ஏலக்காய் கொடுத்தால்தான் மாசாணன் வீட்டில் அடுத்த வருஷம் வரை அடுப்பெரியும்.

மாசாணன் உழைப்பாளி, கெட்டிக்காரன். ஆனால் ஏலம் நடாத இடத்தைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது.

முதல் வருஷம், பொந்து விழுந்த கிழட்டு மரங்களை வெட்டி ஏலம் நட்டான். காய்ப்பு கூடியது. இரண்டாம் வருஷம், பூத்துக் கொட்டுவதைத் தவிர வேறொன்றும் அறியாத காட்டு மரங்களை வெட்டினான். மூன்றாம் வருஷம், தேன்கூடுகள் தொங்கிய பெருமரத்தில் கோடரியை வைத்தான்.

மனைவி சடைச்சி குறுக்கே வந்தாள். “அத மட்டும் விட்டுருய்யா. எத்தன சீவன் அண்டியிருக்கு!”

“ஏலத்துக்கு நெழலுக்கு வேணுங்கிறத விட்டுட்டுத்தானே வெட்டுறேன்? எனக்குத் தெரியாதா?”

மரம் சாய்ந்தது. தேனீக்கள் மலை தாண்டிப் போயின.

அடுத்த பருவத்தில் ஏலம் அதுவரை பூக்காத பூப் பூத்தது. காலையில் விரிந்த பூ மாலையில் வாடி விழுந்தது. ஒன்றும் காயாகவில்லை. மாசாணன் தண்ணீர் பாய்ச்சினான். எருப் போட்டான். கண்பட்டதோ என்று திருஷ்டி கழித்தான்.

“தோட்டத்துல ஒரு சத்தத்தயும் காணமே” என்றாள் சடைச்சி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, பாவம். ஒரு கோழியிறகை எடுத்துக்கொண்டு, பூவிலிருந்து பூவுக்குத் தானே மகரந்தம் தொட்டு வைத்தான். பொழுது சாயும்போது பாதி வரிசைகூட முடியவில்லை. மற்ற பூவெல்லாம் வாடிவிட்டன. “தேனீ செஞ்ச வேலைய என்னால செய்ய முடியலையே” என்று அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

வணிகர் வந்தபோது ஏலக்காய் ஒரு கைப்பிடிதான் இருந்தது. நல்ல மனிதர், ஒரு பொதி உப்பை இறக்கிவிட்டுப் போனார். அந்த வருஷம் முழுக்க அவர்கள் எதிர்மலைக் காட்டில் கிழங்கு தோண்டித் தின்றார்கள்.

மாசாணன் பாதித் தோட்டத்தை அழித்து, தான் வெட்டிய மரங்களின் கன்றுகளை எதிர்மலையிலிருந்து கொண்டுவந்து நட்டான். மீதிச் செடிகளை இருவரும் இறகால் தொட்டுத் தொட்டு வளர்த்தார்கள்.

கன்று நட்ட ஏழாம் வருஷம், ஒரு காலையில், அவன் இறகை நீட்டிய பூவில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. மாசாணன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, விலகி வழிவிட்டு நின்றான்.

அதனால் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எதற்கு என்று நாம் வெட்டித் தள்ளும் மரத்தில்தான் நம் சோற்றுக்கு உழைக்கிற யாரோ குடியிருக்கிறார்கள்.