திரும்பிப் போகாத ஆடு

முன்னே ஒரு காலத்துல, உப்புக்காத்து வீசுற ஒரு கடற்கரை ஊருல பாத்துமுத்துன்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் மீன் பிடிக்கப் போயி கடலோடவே போயிட்டான். அவளுக்குன்னு இருந்தது ஒரு ஓலைக் குடிசை, ஒரு கைக்குழந்தை, அப்புறம் அவ வாய். அந்த வாய் மட்டும் இல்லேன்னா ஊரு அவளை எப்பவோ மென்னு துப்பியிருக்கும்.

அதே ஊருல திவான் ராவுத்தர்னு ஒரு பெரிய பணக்காரரு. தென்னந்தோப்பு உண்டு, மாடிவீடு உண்டு, பட்டி நிறைய ஆடு உண்டு. கொடுக்குற கை மட்டும் கிடையாது. பிச்சை கேட்டு பக்கீரு வாசல்ல வந்து நின்னா "நாளைக்கு வா"ம்பாரு. மறுநாளு வந்தா "நேத்தே வந்திருந்தா கொடுத்திருப்பேனே"ம்பாரு.

ரமலான் மாசம் வந்துச்சு, இருபது நோன்பும் போச்சு. பள்ளிவாசல்ல தொழுகை நடத்துற லெப்பை எந்திரிச்சு நின்னு, "இந்தக் கடைசிப் பத்துல, ஏதோ ஒரு ஒத்தைப்படை ராத்திரியில லைலத்துல் கத்ரு இருக்கு. அந்த ஒரு ராத்திரி ஆயிரம் மாசத்தைவிட மேலானது. அன்னைக்குக் கொடுக்குற தருமம் ஆயிரம் மாசம் விடாமக் கொடுத்ததைவிட உசத்தி"ன்னாரு.

ஆயிரம் மாசம்னதும் நம்ம ராவுத்தரு நிமிந்து உக்காந்தாரு. எல்லாரும் போனப்புறம் லெப்பைகிட்ட ஒட்டி நின்னு, "அது எந்த ராத்திரி லெப்பை? எனக்கு மட்டும் சொல்லுங்க"ன்னாரு.

"அல்லாஹ் மறைச்சு வச்சிருக்கான் ராவுத்தரே, எனக்கே தெரியாது."

"சும்மா ஒரு குத்துமதிப்பா?"

"எல்லா ஒத்தைப்படை ராத்திரியும் கொடுங்க. எதுலயாவது கிடைச்சிரும்."

ராவுத்தரு விரலை விட்டு எண்ணிப் பாத்தாரு. ராத்திரிக்கு ஒரு ஆடுன்னா பட்டி என்னாகும்? யோசிச்சாரு, யோசிச்சாரு, தாடியை உருவி உருவி யோசிச்சாரு. கடைசியில சிரிச்சாரு. ஒரே ஆட்டை ராத்திரி கொடுக்குறது, விடிஞ்சதும் திருப்பி ஓட்டிக்கிறது! அதான் திரும்பி வரப்போவுதே, கொடுக்குறதை நல்லதாத்தான் கொடுப்போமேன்னு, இருக்குறதுலயே கொழுத்த சினையாட்டைப் புடிச்சாரு. பாத்தீங்களா புள்ளைங்களா, மனுசன் தாராளத்தை!

இருபத்தொண்ணாம் ராத்திரி யாருக்கும் தெரியாம குடிசைக்கு வந்து, "பாத்துமுத்து, அல்லாஹ்வுக்காகக் கொடுக்குறேன், வச்சுக்க"ன்னு கயித்தைக் கொடுத்துட்டுப் போனாரு. பாத்துமுத்துக்கு அழுகையே வந்துருச்சு. "ஆடு குட்டி போட்டா உனக்குப் பால்டா கண்ணு"ன்னு புள்ளையைத் தூக்கிக் கொஞ்சுனா. விடிஞ்சுச்சு, ராவுத்தரு வந்து நின்னாரு. "உனக்கேன் சிரமம்? என் ஆடுங்களோட மேய்ச்சுக் கொண்டாறேன்"னு ஓட்டிக்கிட்டுப் போனாரு. அந்தி சாஞ்சுச்சு, ஆடு வரல.

இருபத்துமூணாம் ராத்திரி அதே ஆடு, அதே "அல்லாஹ்வுக்காக". விடிஞ்சதும், "ஆடு இருமுது, வைத்தியருகிட்ட காட்டிட்டு வர்றேன்"னு ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

இருபத்தஞ்சாம் ராத்திரியும் அதே ஆடு. விடிஞ்சதும், "என் பொஞ்சாதி ஆட்டைப் பாக்காம அழுவுறா"ன்னாரு.

பாத்துமுத்துக்கு வயிறு எரிஞ்சுச்சு. யாருகிட்ட போயிச் சொல்லுறது? கொடுத்ததையும் ஒருத்தரும் பாக்கல, புடுங்குனதையும் ஒருத்தரும் பாக்கல. ஆனா அந்த மூணாம் ராத்திரி அவ ஒரு வேலை பண்ணியிருந்தா. ஆட்டோட மடியையும் வயித்தையும் தடவிப் பாத்து, "இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கிறியா, என் தங்கம்"னு மெதுவாச் சொல்லியிருந்தா.

மறுநாள் சாயங்காலம் நேரா ராவுத்தரு வீட்டுக்கே போனா. "மாமா, இன்னைக்கு இருபத்தேழாம் ராத்திரியாச்சே. ஆட்டை ஒளிச்சு மறைச்சு ஏன் கொடுக்குறீங்க? பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி ஊத்துற இடத்துல எல்லாரு முன்னாடியும் கொடுத்தா ஊரே ஆமீன் சொல்லுமே"ன்னா.

ராவுத்தரு மோவாயைச் சொறிஞ்சாரு. ஊரு பாத்தா எப்படித் திருப்பி ஓட்டுறது? அப்புறம், விடிகாலையில சுபுஹு தொழுதுட்டு ஊரே தூங்குமே, அப்ப ஓட்டிக்கலாம்னு தோணுச்சு. சரின்னுட்டாரு.

நோன்பு திறந்து கஞ்சி குடிச்சு, அந்தித் தொழுகை மஃரிபும் தொழுது முடிச்சு எல்லாரும் வெளியில நிக்கிற நேரம். ராவுத்தரு ஆட்டோட வந்தாரு. "இதைப் பாத்துமுத்துக்குக் கொடுத்தேன்"னாரு.

"காது கேக்கல மாமா!"

"பாத்துமுத்துக்குக் கொடுத்தேன்!"

"அந்தக் கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கலியாம் மாமா!"

"கொடுத்தேன், கொடுத்தேன், கொடுத்துட்டேன்!"னு கத்துனாரு. ஊரே "ஆமீன்!"னுச்சு.

அந்த ராத்திரியே ஆட்டுக்கு வலி கண்டுச்சு. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க நாலு பேரு வந்து ஒத்தாசை பண்ணாங்க. நோன்பு வைக்க எந்திரிச்சு சாப்புடுற ஸஹருக்கு முன்னாடியே மூணு குட்டி! ஒண்ணு கருப்பு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரெண்டும் கலந்தது.

சுபுஹு முடிஞ்சு ராவுத்தரு பூனை மாதிரி வந்தாரு. குட்டிங்களைப் பாத்தாரு. "அல்லாஹ்வே! ஒண்ணு போயி நாலா வருதே! தருமத்துக்குப் பலன் இம்புட்டுச் சீக்கிரமாவா!"ன்னு ரெண்டு குட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு.

பாத்துமுத்து அடிச்சா பாரு ஒரு கத்து! உள்ளேயிருந்து பொம்பளைங்க வந்தாங்க, தெருவுல போனவங்க வந்தாங்க, லெப்பையும் வந்துட்டாரு.

"என்ன ராவுத்தரே இது? நேத்துத்தானே கொடுத்தீங்க?"

"கொடுத்தேன் லெப்பை. ராத்திரி அவளுக்குக் கொடுத்தேன். விடிஞ்சா என்னோடது."

லெப்பைக்கு முகம் சிவந்துருச்சு. "கொடுத்த தருமத்தைத் திருப்பி வாங்குறதா? மார்க்கத்துல..."

"இருங்க லெப்பை"ன்னா பாத்துமுத்து. "மாமா சொல்ற மாதிரியே வச்சுக்குவோம். ராத்திரி ஆடு யாரோடது மாமா?"

"உன்னோடது."

"குட்டி எப்ப பொறந்துச்சு?"

பொம்பளைங்க நாலு பேரும் சேந்து, "ராத்திரி!"ன்னாங்க.

"அப்ப குட்டி மூணும் என்னோடது. தாயைப் பிரிச்சா குட்டி செத்துப்போவும். ரமலான் மாசத்துல ஒரு ஏழையோட மூணு உசுரைக் கொல்லப்போறீங்களா மாமா?"

ராவுத்தருக்கு வேர்த்துருச்சு. "அப்படீன்னா நான் கொடுக்கவே இல்ல! நேத்துச் சும்மா சொன்னேன்!"

"ஐயய்யோ!"ன்னு பாத்துமுத்து கன்னத்துல கை வச்சா. "நேத்து கத்ரு ராத்திரியா இருந்தா? அன்னைக்கு ஒரு நன்மை பண்ணா ஆயிரம் மாசத்துக்கு மேல. அன்னைக்குப் போயி பள்ளிவாசல் முன்னாடி நின்னு இத்தனை தடவை பொய் சொன்னவருக்கு எவ்வளவு எழுதுவாங்க லெப்பை?"

லெப்பை சிரிப்பை அடக்க முடியாம துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. ராவுத்தரு குட்டிங்களைக் கீழே விட்டாரு. "இல்ல இல்ல, கொடுத்தேன்! ஆடும் உனக்கு, குட்டியும் உனக்கு!"ன்னு கிளம்புனாரு.

"நில்லுங்க மாமா. இருபத்தொண்ணுல ஒரு ஆடு கொடுத்தீங்க, இருபத்துமூணுல ஒண்ணு, இருபத்தஞ்சுல ஒண்ணு. மேய்ச்சலுக்கும் வைத்தியத்துக்கும் போன ஆடுங்க எங்கே? அந்த மூணுல எது கத்ரு ராத்திரின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன, மூணு தடவையா?"ன்னு ஊரே வாயைப் பொளந்துச்சு. ராவுத்தரு லெப்பையைப் பாத்தாரு. "எனக்குத் தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே"ன்னாரு லெப்பை.

பொழுது சாயறதுக்குள்ள பட்டியிலேருந்து இன்னும் மூணு ஆடு வந்துச்சு. பாத்துமுத்து ஒண்ணைக் கூட வச்சுக்கல. ஒத்தாசைக்கு வந்த பொம்பளைங்கள்ல இல்லாதப்பட்ட மூணு பேருக்கு ஆளுக்கொண்ணா கொடுத்துட்டா. அவ புள்ளைக்கு அன்னைக்கு வயிறு நிறையப் பாலு.

இருபத்தொம்பதாம் ராத்திரி என்ன ஆச்சு தெரியுமா? யாரும் கேக்காமலே ராவுத்தரு ஒரு ஆட்டை இழுத்துக்கிட்டு வந்தாரு. கண்ணு தெரியாத ஒரு கிழவரு வாசல்ல கட்டுனாரு. கட்டிட்டு, கைலியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடுனாரு. திரும்பிப் பாத்தா மனசு மாறிடுமோன்னு பயம்!

அதனால புள்ளைங்களா, கொடுத்தா கொடுத்ததுதான், அதுக்குக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. ஆடு அவ குடிசையில, ராவுத்தரு அவரு வீட்டுல, தூக்கம் உங்க கண்ணுல. போயிப் படுங்க.