யாவ் ராஜாவைப் பாத்துக் குரைச்ச நாய்

ஒரு ஊர்ல ஒரு நாய் இருந்துச்சு. ராஜாவும் உண்டு, அவர் அப்புறம் வருவார். இன்னிக்கு நாய்தான் முதல்ல. அழுகையை நிறுத்து பொற்கொடி, மூக்கைத் துடைச்சுக்கோ. நம்ம நாய் முறுக்கு கொல்லையில பத்திரமாத்தான் கட்டியிருக்கு. பெரியப்பா ஊர்லேர்ந்து இறங்கி வந்த களைப்பு, நாய் குரைச்சதும் பயந்து பையைக் கீழே போட்டுட்டார், அந்தக் கோவத்துல காலைல அதைக் கொண்டுபோய் விட்டுடணும்னு சொல்லிட்டார். காலை வரட்டும். இப்ப அத்தை கதை சொல்றேன், நீ ம் சொல்லு.

ம்.

இந்த ஊரு சீனாவுல இருக்கு. அந்த நாயோட சொந்தக்காரன் ஒரு திருடன், ஜுன்னு பேரு. நாடே அவனைத் தேடுது. நாய்க்கு அதெல்லாம் தெரியுமா? குட்டியா இருந்தப்ப ஆத்துல அடிச்சிட்டுப் போச்சு, தொபுக்குன்னு குதிச்சுத் தூக்கினது அவன்தான். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். கிடைச்ச தினைச்சோத்துல பாதி அவனுக்கு, பாதி அதுக்கு.

அப்போ அந்த நாட்டை ஆண்டவர் யாவ் ராஜா. ராஜான்னதும் பட்டு, கிரீடம்னு நினைச்சுக்காதே. அவருக்குக் கூரை வீடு, குளிருக்கு ஒரு மான்தோல். இன்னிக்கும் அங்க மழை நல்லாப் பெஞ்சு, சண்டை சச்சரவில்லாம, வயிறு நிறைஞ்சிருந்தா, 'யாவ் காலம், ஷுன் காலம்'னு சொல்லுவாங்களாம். ஷுன் அவருக்கு அப்புறம் வந்த ராஜா. ரெண்டு பேரையும் சேத்தே சொல்லணும், நம்ம வீட்ல இட்லியும் சட்னியும் மாதிரி.

ம்.

அப்புறம், அவர் வாசல்ல ஒரு முரசு இருந்துச்சு. யாருக்கு என்ன குறைன்னாலும் வந்து அடிக்கலாம். சத்தம் கேட்டா ராஜா சாப்பிட்டுக்கிட்டிருந்தாலும் பாதியில எந்திரிச்சு வந்து கேக்கணும். அவரே வெச்ச வழக்கம். இந்த முரசை ஞாபகம் வெச்சுக்கோ.

ஒரு நாள் ராஜா மந்திரியைக் கூட்டிக்கிட்டு நடந்தே சந்தைக்கு வந்தார். காவல்காரங்களைப் பாத்ததும் ஜுன் எடுத்தான் பாரு ஓட்டம், நாணல் காட்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டான். நாய் அங்கேயே நின்னுடுச்சு. ஜனங்க எல்லாரும் கும்பிடறாங்க. இது மட்டும் லொள், லொள், லொள்னு ராஜா மேலயே பாயுது.

மந்திரிக்கு மூக்குக்கு மேல கோவம். நம்ம யாவ் ராஜாவைப் பாத்தே குரைக்குதுன்னா இது எவ்வளவு கெட்ட நாயா இருக்கணும், கொன்னுடலாம்னார். ராஜாவோ, பொறுங்க, நான் பழக்கிப் பாக்கறேன்னார். பொழுது சாயறதுக்குள்ள பழகலைன்னா என்ன பண்றதுன்னு மந்திரி கேட்டார். அப்போ உங்க இஷ்டம்னு ராஜா சொல்லிட்டார்.

ம்.

நாயைக் கயித்துல கட்டி ராஜா வீட்டு வாசலுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. முதல்ல ராஜா தன் தட்டுலேர்ந்து கறித்துண்டு எடுத்துப் போட்டார். மோந்து பாத்துச்சு. வாயில எச்சில் ஊறுது, ஆனா தொடலை. லொள்.

அப்புறம் குளிருதோ என்னமோன்னு தன் மான்தோலையே போத்தி விட்டார். படபடன்னு உதறிட்டு, லொள்.

அப்புறம் பக்கத்துல தரையிலயே உக்காந்து, வாடா ராசான்னு தலையைத் தடவப் போனார். கபக். கையைக் கவ்விடுச்சு. ரத்தம் வரலை, பல்லு தடம் மட்டும் பதிஞ்சுடுச்சு. அப்போ சூரியன் மலைக்குப் பின்னாடி இறங்குது. மந்திரி தடியை எடுத்துட்டார். ராஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டார்.

ம்...

நாணல் காட்டுல ஜுனுக்கு அந்தக் குரைப்பு கேக்குது. ஓடினா தப்பிச்சுடலாம், இருட்டப் போகுது. அவன் காதைப் பொத்திக்கிட்டான். பொத்தினாலும் கேக்குது. பாவம், அவனுக்கும் இருந்தது அது ஒண்ணுதானே.

டம். டம். டம்.

முரசு சத்தம். தடி மேலேயே நின்னுடுச்சு. ராஜா சோத்துக் கையோட வாசலுக்கு வந்தார். என்னப்பா குறைன்னார்.

"நீங்க தேடுற ஜுன் நான்தான். என்னைக் கட்டுங்க, அதை அவுத்து விடுங்க. நல்லவர் கெட்டவர்லாம் அதுக்குத் தெரியாது சாமி, என்னை மட்டும்தான் தெரியும்."

நாய் குரைக்கறதை நிறுத்திடுச்சு. வால் மட்டும் தப் தப்னு தரையில அடிச்சுக்குது.

ராஜா கையில இருந்த பல்லு தடத்தைப் பாத்தார். சிரிச்சுட்டார். "நான் நல்லவன்னு இதுக்கு யாரு சொன்னா? இதைப் பொறுத்தவரை நான் யாரோ ஒரு ஆளு. ஒரு துண்டு கறிக்கு என் பின்னாடி வந்திருந்தாத்தான் நான் பயப்படணும். அவுத்து விடுங்க."

அப்பாடா. எனக்கே இப்பத்தான் மூச்சு வருது.

அப்புறம் ஜுன்கிட்ட, திருடினதையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு வான்னார். வந்ததும் அவனையும் நாயையும் தானியக் கிடங்குக்குக் காவல் போட்டார். சாயங்காலமானா ராஜா கிடங்குப் பக்கம் வருவார். லொள்னு கேக்கும். சரி, தானியம் பத்திரமா இருக்குன்னு திரும்பிப் போயிடுவார்.

அதுலேர்ந்து அங்க, எஜமான் சொன்னான்னு நல்லவங்களைப் பாத்துக் கத்துறவனை, 'யாவைப் பாத்துக் குரைக்கிற நாய்'னு திட்டுவாங்களாம். எனக்கு அது பிடிக்கலை. நாயைச் சொல்லித் திட்ட என்ன இருக்கு? வீட்டைக் காக்கற நாய், வாசல்ல வந்து நிக்கறது யாரு, எவ்வளவு நல்லவர்னு எப்படிக் கண்டுபிடிக்கும்? பழகினாத்தானே தெரியும். கேக்கறியா?

ம்.

இரு. இப்ப ம் சொன்னது நீ இல்லையே. நீ வாயைப் பொளந்துக்கிட்டு நல்லாத் தூங்கிட்டே.

அண்ணே? நீங்க இன்னும் தூங்கலையா?

என்னது? சத்தமாச் சொல்லுங்க, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கலை.

முறுக்கு இங்கேயே இருக்கட்டுமா? காலைல நீங்களே பிஸ்கட் போட்டுப் பாக்கறீங்களா? போடுங்க. ஆனா முதல் நாளே திங்கலைன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் போய் முறுக்கை அவுத்து விட்டுட்டு வர்றேன், வழக்கம்போல இவ கட்டிலுக்குக் கீழே வந்து சுருண்டுக்கட்டும்.

பிள்ளையும் தூங்கியாச்சு, கதையும் படுத்தாச்சு. நீங்களும் தூங்குங்கண்ணே.