மாட்டியிருப்பதே தெரியாத பை

ஞானிகளுக்குக் கோபம் வராது என்பது பரவலான நம்பிக்கை. இது பிழை, திருத்தியாக வேண்டும். அப்படி எழுதிவைத்தவர்களில் ஒருவராவது தம் சீடரோடு பாபநாசம் பேருந்தில் நின்றுகொண்டு போனதாகத் தெரியவில்லை.

குரு வேலப்பருக்கு வயது நாற்பத்தொன்று. சீடர் உமாபதிக்கு அறுபத்து மூன்று; தத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இருவரும் பொதிகை மலைக்குப் புறப்பட்டிருந்தார்கள்.

மலை ஏறுவதற்காக உமாபதி நான்கு மாதம் ஆராய்ந்து ஒரு முதுகுப்பை வாங்கியிருந்தார். இடுப்புக்கு ஒரு பட்டை, மார்புக்கு ஒரு பட்டை, பக்கவாட்டில், தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். "மாட்டினா மாட்டியிருக்கறதே தெரியாது சார்" என்று கடைக்காரர் சொன்னார். உண்மைதான். தெரியவில்லை.

பேருந்தில் கால் வைக்க இடமில்லை. உமாபதிக்குப் பின்னால் சங்கரலிங்கம் என்ற விவசாயி நின்றார். முந்தாநாள்தான் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கண்ணில் எதுவும் படக்கூடாது என்று கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

"சாமி, ஒரு சந்தேகம்" என்று உமாபதி குருவின் பக்கம் திரும்பினார். பாட்டில் சங்கரலிங்கத்தின் காதை உரசிக்கொண்டு போனது.

"யய்யா, பாத்து. கண்ணு ஆபரேசன் பண்ணிருக்கு."

மன்னிப்புக் கேட்க உமாபதி அந்தப் பக்கம் திரும்பினார். பை இந்தப் பக்கம் வந்து ஒரு பெண்ணின் பூக்கூடையைச் சாய்த்தது.

"மலைக்குப் போறீரா, மலையையே தூக்கிட்டுப் போறீரா?" என்றாள் அவள்.

"சார், அதை இறக்கும். இன்னொரு தடவ இடிச்சா பைக்கும் சேத்து டிக்கெட் கிழிப்பேன்" என்றார் நடத்துநர்.

"இதோ, ஒரே நிமிஷம்" என்று உமாபதி மறுபடி குருவின் பக்கம் திரும்பினார். "தெரியாம செய்யற தீங்கும் பாவமா, சாமி?"

பின்னால் கறுப்புக் கண்ணாடி கீழே விழுந்தது. கண் மயிரிழையில் தப்பியது. பூக்காரி குனிந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

வேலப்பரின் முகம் சிவந்திருந்தது.

"கழட்டுங்க."

"சாமி?"

"கழட்டுங்கன்னேன்."

பையை வாங்கித் தம் முதுகில் மாட்டினார். இரண்டு பட்டைகளையும் இறுக்கினார். சீடருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முன்னால் இருந்தவரிடம் மழை பற்றி விசாரிக்கத் தொடங்கினார். பேருந்து வளைந்தது. பாட்டில் உமாபதியின் மூக்கில் இடித்தது. அடுத்த வளைவிலும் இடித்தது.

"சாமி, மூக்குல இடிக்குது."

"அப்படியா?" வேலப்பர் திரும்பவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலையே. கடைக்காரர் பொய் சொல்லல."

மூன்றாவது இடியில் ரத்தம் வந்தது.

"சாமி, வலிக்குது."

"பாவமான்னு கேட்டீங்களே, புரொபசர். பை மாட்டினவன்கிட்ட கேக்கற கேள்வியா அது? பின்னால நிக்கறவரக் கேளுங்க."

உமாபதி மூக்கைப் பிடித்தபடி மெல்லப் பின்னால் திரும்பினார். அவர் முதுகில் இப்போது பை இல்லை.

சங்கரலிங்கம் கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கண்ணை மறைத்துக்கொண்டார்.